அளந்து கொடுத்த அரிசி

காலாண்டுத் தேர்வுக் கேள்வித்தாளின் புரூஃப் இன்று மத்தியானம் அச்சகத்திலிருந்து வந்தது. மை இன்னும் காயவில்லை. கையில் எடுத்ததுமே கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. இந்த வாசனை உனக்கு ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு, திருத்துகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டு டீக் குடிக்கப் போய்விடுவாய். நீ இந்தப் பள்ளியை விட்டுப் போய் எத்தனையோ வருடம், ஒரேயடியாகப் போயும் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அந்த வேலை இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.

நான்கு கேள்விகளை மளமளவென்று திருத்திவிட்டேன். ஐந்தாவதுக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதம் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியும். ஐந்தாவது கேள்வி உன்னுடையது, அதனால் உன்னிடம் சொல்லாமல் அதை அச்சுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

சாமி திரும்பி வந்துவிட்டானப்பா. ஜூன் மாதம் பத்தாம் வகுப்புக்குப் புது ஆங்கிலத் துணைப்பாட நூல் வந்தது. புரட்டிப் பார்த்தேன். ஏழாவது பாடம், 'சாமியும் அவன் சட்டியும்'. சில வருடம் தூங்கிவிட்டு மறுபடி எழுந்து வந்திருக்கிறது. மொழியை எளிமைப்படுத்தியிருக்கிறார்களாம், முன்னுரையில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு படம். இடுப்பில் ஒரு துண்டும் தலையில் முண்டாசுமாக, வெற்றுடம்போடு, முழியை உருட்டிக்கொண்டு சட்டிக்குள் கையை விடுகிற ஒரு கிழவன். அதை வரைந்தவர் நம்மூர் ஓவியர். வெள்ளைக்காரன் போய் இருபது வருடம் ஆகிறது. நம் ஆட்களே உட்கார்ந்து பாடத்தைத் தேர்ந்தெடுத்து, நம் ஆட்களே படமும் போட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். பிறகு நானே போய்ப் பொறுக்கிக்கொண்டேன், வகுப்புக்கு வேண்டுமே.

பாடம் உனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், சொன்னால்தான் ஆறும். சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையின் மனைவி, தன் ஊர்க்காரர்கள் படித்துச் சிரிப்பதற்காக எழுதிய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் அது. முதல் பக்கத்தில் அவள் தன் நியாயத்தைப் பாடுகிறாள். தினமும் காலையில் வேலைக்காரர்களுக்கு அவரவர் கூலி அரிசியைத் தன் கையாலேயே அளந்து கொடுப்பாளாம், ஒரு மணிகூடக் குறையாதாம். மூன்றாம் பக்கத்தில் ஜன்னல் வழியாகச் சமையல்கட்டைப் பார்க்கிறாள். சமையல்காரன் சாமி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, ஒரு பிடி அரிசியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் இருக்கிற சட்டியில் போடுகிறான். துரையைக் கூப்பிடுகிறாள். சாமி உடைந்த ஆங்கிலத்தில் 'இது கடவுளுக்கு' என்கிறான். இருவரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். கீழை நாட்டில் ஒவ்வொரு திருட்டுக்கும் ஒரு கடவுள் உண்டு என்று அத்தியாயம் முடிகிறது. பாடத்தின் அடியில் பயிற்சி: சாமியின் தந்திரத்தை விளக்குக, பத்து மதிப்பெண்.

அந்தச் சாமியை உன்னைப் போல நடத்தியவர் யாருமில்லை. அப்போது ஐந்தாம் பாரம் என்றிருந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் அந்தப் பாடத்துக்காகவே காத்துக்கிடப்பார்கள். நீ கூனிக்கொண்டு, முழியை உருட்டி, அந்த உடைந்த ஆங்கிலத்தை இழுத்து இழுத்துப் பேசுவாய். உன் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் நீ பேச, இந்தப் பக்கம் என் வகுப்பு சிரிக்கும். அதனால்தான் அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு அதையே நாடகமாகப் போடலாம் என்றேன். ஆமாம், யோசனை என்னுடையது. வசனத்தைச் சுருக்கி எழுதியதும் நான். நீ பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தாய். சாமியாக நடித்தவனுக்குக் கண்ணை எப்படி உருட்ட வேண்டும் என்று மூன்று நாள் பழக்கினாய்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாடகம். நீ உன் அப்பாவையும் அழைத்து வந்திருந்தாய். பேகம்பூர் சந்திலிருந்து ஜட்கா வைத்துக் கூட்டி வந்து, மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாய். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, தேய்த்த வேட்டி, காலில் செருப்பு. மகன் வாத்தியார், மகன் போடும் நாடகம் என்கிற பெருமை முகத்தில் தெரிந்தது. நாடகத்தின்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நீ பிறகு என்னிடம் கேட்டாய். எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விழா முடிந்து மூவருமாக நடந்தோம். ஜட்கா வேண்டாம், காலாற நடப்போம் என்றார் அவர். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நாடகம் நல்லாத்தான்யா இருந்துச்சு. ஆனா சட்டியக் கதவுக்குப் பின்னால வச்சது தப்பு. அங்கன வச்சா நாய் உருட்டிரும். நான் அடுப்புக்குக் கிழக்கால மாடத்துலல்ல வச்சிருந்தேன்."

நீ நின்றுவிட்டாய். "எந்தச் சட்டிப்பா?"

"நம்ம பிடியரிசிச் சட்டிதான். வேறெது?"

நடுத்தெருவில் நாம் நின்றோம். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் சத்தம் போட்ட பிறகுதான் ஒதுங்கினோம். உன் அப்பா சவரிமுத்து சிறுமலையில் ஒரு துரை பங்களாவில் பதினோரு வருடம் சமைத்தார் என்பது எனக்குக்கூடத் தெரியும். அது இந்தப் பாடத்துப் பங்களாதான் என்று உனக்கே தெரியவில்லை. பிள்ளைகுட்டிகளை மலைக்குக் கூட்டி வரக்கூடாது என்பது துரைசாணியின் கட்டளை. நீ அடிவாரத்தில் அம்மாவிடம் வளர்ந்தவன். புத்தகத்தில் சாமி என்று இருந்தது, உன் அப்பா சவரிமுத்து. அதையும் அவரிடம் கேட்டாய்.

"எனக்கு முந்தி இருந்த ஆளு பேரு ராமசாமி. அவன் போயிட்டான். சமையக்கட்டுக்கு யாரு வந்தாலும் தொரசாணிக்குச் சாமிதான். நான் ஞானஸ்நானம் வாங்குன பேரச் சொன்னேன். அது வாயில நொழையலன்னுச்சு. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாய். நானும் உட்கார்ந்திருந்தேன். அவர் கள்ளன் என்கிற இடத்தில் கோபப்படுவார் என்று நாம் இருவரும் பயந்தோம். அவருக்கு முதலில் சுருக்கென்று தைத்தது வேறு. சாமி வறுத்த கோழி எப்போதும் கருகியிருக்கும் என்று ஒரு வரி உண்டல்லவா? "கருகுச்சா? என் கையிலயா? அம்புட்டையும் வழிச்சுத் தின்னுபுட்டு இப்படி எழுதிருக்கா அந்தப் பொம்பள!" என்று எழுந்தே விட்டார். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாய்.

பிறகு அவர் சொன்னார். சோறு பொங்க அரிசி எடுத்தால், உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடியைத் தனியே சட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர்களுக்குப் போகும். உங்கள் வீடுகளில் எல்லாம் உள்ள வழக்கம். அவர் எடுத்தது பங்களா அரிசியில் அல்ல, தனக்கு அளந்த கூலி அரிசியில். "காச்ச வந்துச்சு ஒரு வருசம். லயத்துல கூலி சனம் பாயோட கெடந்துச்சு. அந்த அரிசியிலதான்யா கஞ்சி காச்சி ஊத்துனேன். தொரசாணி வந்து செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போச்சே. அத எழுதலையா?"

நீ புத்தகத்தை மறுபடி புரட்டினாய். எழுதவில்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. "இது கொஞ்சப் பக்கந்தாம்ப்பா, முழுப் புத்தகத்துல இருக்கும்" என்றாய். பொய் சொல்ல உனக்கு எப்போதுமே வராது. அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் மைதானத்து வேப்பமரத்தடியில் நீ என்னிடம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"எங்கப்பன்னு தெரிஞ்ச பெறகுதான எனக்குச் சுட்டுச்சு? அதுதான்யா எனக்கு ஆறல. வேற எவன் அப்பனாவோ இருந்திருந்தா அடுத்த வருசமும் கண்ண உருட்டி ஆடியிருப்பேன். எங்க வீட்டு மாடத்துல அதே சட்டி இருக்கு. தெனம் பாக்குறேன். புத்தகத்துல பாக்கும்போது அது கள்ளன் சட்டியாத் தெரிஞ்சுச்சு. என் கண்ணு எங்க போச்சு?"

"விடப்பா. பாடத்த நடத்துனமா, பரீட்சைக்குத் தயார் பண்ணமான்னு போவோம்" என்றேன் நான்.

"எங்கப்பன் கள்ளன்னு எழுதுனா பத்து மார்க்கு. நான் சொல்லிக் குடுக்கணும், நீ மார்க்குப் போடணும். நல்லாருக்குய்யா நம்ம பொழப்பு."

ஜூனில் பள்ளி திறந்து, அந்தப் பாடம் வந்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு நின்றேன். நீ வழக்கம்போல் ஆரம்பிப்பாய் என்று பையன்கள் காத்திருந்தார்கள். நீ சொன்னாய்: "போன வருசம் இந்தப் பாடத்த நான் தப்பா நடத்துனேன். அதனால எல்லாரும் முதல் பக்கத்துலேருந்து நிதானமா வாசிங்க. சாமி எடுத்தது யாரு அரிசின்னு எந்த வரியில இருக்குன்னு கண்டுபிடிங்க." அவ்வளவுதான். உன் அப்பா பேச்சையே நீ எடுக்கவில்லை. எவ்வளவோ நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல், ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பையனுடையது என்று நினைக்கிறேன், உரக்க வாசித்தது. 'நான் சற்று முன்தான் அவனுக்கு அளந்து கொடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்தான்.'

அந்த வரி அங்கேயே இருந்தது. எத்தனை வருடம்! அவள் அளந்து கொடுத்தாள், அது அவன் கூலி, அதிலிருந்து அவன் எடுத்தான். அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். எழுதிய அவளுக்கும் அது தெரியவில்லை, பாடமாக வைத்தவர்களுக்கும் தெரியவில்லை, இங்கிலீஷ் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொண்ட உனக்கும் எனக்கும் தெரியவில்லை. அவள் நின்ற ஜன்னலில் நம்மையும் இழுத்து நிறுத்திவிட்டாள். அங்கே நின்று பார்த்தால் சமையல்கட்டில் இருப்பவன் கையில் இருப்பதெல்லாம் திருட்டுப் பொருள்தான். கிழக்கைப் பற்றி அவர்கள் எழுதிக் குவித்த புத்தகங்கள் பலவும் இப்படி ஒரு ஜன்னலிலிருந்து எழுதியவைதான் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் ஊரில் இருப்பவர்கள் படித்துச் சிரித்தால் போகட்டும். நம் வீட்டுச் சட்டியைப் பார்த்து நாமே சிரித்தோமே, அதை என்ன சொல்ல?

அன்று உன் வகுப்பில் இன்னொருவன் எழுந்து சொன்னான். "எங்க ஆத்தாவும் எடுத்து வைக்கும் சார், பழனிக்கு நடந்து போறவங்களுக்குக் கஞ்சி ஊத்த." பிறகு ஒருவன் மாரியம்மன் கோயில் கூழுக்கு என்றான். பேகம்பூர்ப் பையன் ஒருவன், தன் அம்மா நோன்புக் கஞ்சிக்கு எடுத்து வைப்பதாகச் சொன்னான். வகுப்பில் பாதி வீடுகளில் அந்தச் சட்டி இருந்தது. போன வருடம் நாடகத்துக்கு அத்தனை பேரும்தான் கைதட்டினார்கள்.

இதுவரை எழுத எனக்குக் கஷ்டமில்லை. இனிமேல்தான்.

அரையாண்டுத் தேர்வு வந்தது. 'சாமியின் தந்திரத்தை விளக்குக' என்ற அந்தக் கேள்வியும் வந்தது. ஒருவர் வகுப்பு விடைத்தாளை மற்றவர் திருத்துவது நம் பள்ளி வழக்கம். உன் வகுப்புக் கட்டு என்னிடம் வந்தது. ஒருவன் பாக்கியில்லாமல் ஒரே பதில்: 'இதில் தந்திரம் ஏதுமில்லை. அவன் தன் அரிசியை எடுத்தான். அளந்து கொடுத்தது அவளே.' சிலர் தமிழை ஒற்றுப்பிழையோடு எழுதுவதைப் போல ஆங்கிலத்தையும் தப்பும் தவறுமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் அந்த வரியைச் சரியாக எடுத்து எழுதியிருந்தார்கள்.

நான் பூஜ்யம் போட்டேன். ஒன்று, இரண்டு அல்ல, கட்டு முழுக்க. ஹெட்மாஸ்டர் என்ன சொல்வாரோ, இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். எனக்கு அப்போது வீட்டில் மூன்று பிள்ளைகள். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம், சொல்லியும் பார்த்தேன். பதில் சரி என்று தெரிந்தே போட்டேன். அதுதான் உண்மை.

பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். ஹெட்மாஸ்டர் அறைக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். இனி கைடில் உள்ளபடியே நடத்துவேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நீ எழுதிக் கொடுக்கவில்லை. வெளியே வந்து நேரே என்னிடம் வந்தாய். அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பயந்து போட்டிருக்க, புரியுது" என்றாய். "ஆனா அந்தப் பயலுக பயப்படலயேய்யா."

கோடை விடுமுறைக்கு முன் நீ வேலையை விட்டாய். ஆயக்குடியில் ஒரு சின்னப் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாய். உன் அப்பா அங்கேதான் இறந்தார். நான் வருடத்துக்கு ஒருமுறை வருவேன். நீ கொய்யாப்பழத்தைக் கத்தியில்லாமல் கையாலேயே பிளந்து உப்புமிளகாய் தொட்டுத் தருவாய். அந்தக் கொங்குப் பக்கத்து 'ஏனுங்க'வைப் பேசிக் காட்டுவாய். பூஜ்யத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க ஒவ்வொரு தடவையும் நினைத்து வருவேன். பஸ் ஏறிய பிறகுதான் வார்த்தை வரும். கடைசியில் உன்னை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அதற்கும் பயம்தான் காரணம்.

உன் காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து உன் மனைவியிடம் அந்தச் சட்டியைக் கேட்டேன். ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அது வேலையில இருக்குங்கண்ணே" என்றார். "காலையிலதான் ஒரு பிடி போட்டேன். நாளப்பின்ன உடைஞ்சா இன்னொண்ணு வாங்கோணும், அம்புட்டுத்தான். நீங்க வேணும்னா இதக் கொண்டு போங்க." உள்ளே போய் உன் பழைய பாடப்புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். அந்த ஒரு வரியின் அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் உன் கையெழுத்தில் ஒரே சொல்: 'சவரிமுத்து.'

இந்த வருடம் பத்தாம் வகுப்பின் மூன்று பிரிவுக்கும் ஏழாம் பாடத்தை நானே நடத்துகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உன்னைப் போல நடத்த எனக்கு வராது. உன் கேள்வியை மட்டும் கேட்டேன். அந்தப் படத்தைப் பற்றியும் பேசினேன். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டோடு ஒருவரை எனக்குத் தெரியும் என்றேன். அவர் பெயரைச் சொன்னேன். அந்த நாடகத்தைப் பற்றிச் சொன்னேன். அதை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். பூஜ்யங்களைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பையன்கள் புத்தகத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். வாத்தியார் ஒருவர் தான் செய்தது தப்பு என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை போலிருக்கிறது.

கேள்வித்தாளின் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துவிட்டு, இப்போது இருக்கிற ஹெட்மாஸ்டர் போன வாரம் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், வயதில் சின்னவர்.

"சார், அஞ்சாவது கேள்வி இப்படி இருக்கே. கைடுல வேற மாதிரில்ல இருக்கு?"

"கைடுல இருக்கிறது பாடத்துல இல்ல சார். நான் கேட்டது பாடத்துல இருக்கு."

"மேலேயிருந்து கேட்டா?"

"என் பேரச் சொல்லுங்க. எழுதிக் கேட்டா எழுதிக் குடுக்குறேன். ரிட்டயராக மூணு வருசம் இருக்கு, வேணும்னா அதையும் எடுத்துக்கட்டும்."

அவர் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பிரதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீ அன்றைக்கே, பையில் பைசா இல்லாமல், சொல்லிவிட்டுப் போனாய்.

இதோ, மை இன்னும் ஈரமாக இருக்கிறது: 'சமையல்காரர் எடுத்த ஒரு பிடி அரிசி யாருடையது? பாடத்திலிருந்து வரியை எடுத்துக் காட்டி விடை எழுதுக.' பத்து மதிப்பெண். என் பிரதியில் இருந்தபடி 'சாமி' என்றே அச்சுக் கோத்திருந்தார்கள். சிவப்பு மையில் திருத்தி 'சமையல்காரர்' ஆக்கிவிட்டேன். வேறு பிழை இல்லை. நாளைக் காலையில் அச்சுக்குப் போகிறது.

விடைத்தாள்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஐந்தாவது கேள்வியை மட்டும் மூன்று பிரிவுக்கும் ஒரே ஆள் திருத்தட்டும் என்று சொல்லி, மற்றவர்களிடம் ஒப்புதல் வாங்கிவிட்டேன். திருத்தப் போகிறவன் நான்தான்.